பத்துக் கைகள்

மலாயாவின் சுதந்திர நாளான மெர்டேக்காவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. எங்கள் கட்சியின் காஜா பேராங் ஊர்க் கிளைக் கூட்டத்தில் தலைவர் ராஜரத்தினம் முழங்கினார்: "மலாயாவே நம் தாய்நாடு என்று கட்சி நம்புகிறது!"

பத்துக் கைகள் உயர்ந்தன. தையற்கடை பொன்னுதுரை மட்டும் தூக்கவில்லை.

"கட்சி எப்படிங்க நம்பும்? ஆளுங்கதானே நம்பணும்?"

"துரோகி!" என்றார் தலைவர். பொன்னுதுரையை அங்கேயே நீக்கினோம்.

செயலாளரான நான் மறுநாள் நீக்கக் கடிதத்தோடு அவர் கடைக்குப் போனேன். அவருடைய மலாயாக் குடியுரிமைப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அதன் கீழே வரிசையாகப் புதுக் கோட்டுகள்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: "தலைவர்லேருந்து பத்துப் பேரும் நாகப்பட்டினம் கப்பலுக்குத் தைக்கக் குடுத்தது, செகரட்டரி ஐயா. எல்லாரும் ஊரோட போயிடறீங்களாமே. உங்க கோட்டுக்கு மட்டும் பொத்தான் பாக்கி."