ஹால் சுவரில் ஒரு வரைபடம்

"அந்த மேப்பை முதல்ல சுவத்துலேர்ந்து எடு. இது வீடா, பள்ளிக்கூடமா?"

வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பெரியவள் ஆரம்பித்துவிட்டாள்.

சின்னவள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். போவதற்குள் அந்த நாட்டு ஆறு மலையையெல்லாம் கரைத்துக் குடித்துவிட வேண்டும் என்று, ஹால் சுவரில் ஆளுயர வரைபடம் ஒட்டியிருந்தாள். வீட்டுக்கு வருகிற யாரும் தப்ப முடியாது. குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூட மலைத்தொடர் பாடத்தைக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

"இந்த ஆறு வடக்கே பொறந்து, மூணு நாட்டைத் தாண்டிக் கடல்ல சேருதுக்கா. நான் படிக்கப்போற ஊரு இதோ, கரையிலேயே."

"ஆறு எங்கே பொறந்தா எனக்கென்ன? நானா தொட்டில் கட்டப்போறேன்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சின்னவளுக்கு அழுகை வந்தது.

பெரியவள் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். அப்பா போனதிலிருந்து செருப்புக் கடையில் வேலை. இது போதாதா எதிர்வீட்டு அத்தைக்கு? சின்னவளைத் தனியாகப் பிடித்து ஓதினாள்.

"தான் போக முடியலையேன்னு வயித்தெரிச்சல். வேற என்ன?"

சின்னவளுக்கும் அது சரியென்றே பட்டது. ஒரே ஒரு தடவை அக்கா வரைபடத்தின் முன்னால் நின்று, "எங்கேடி போறே?" என்று ஆசையாகக் கேட்டிருந்தால் போதும். கேட்கவே இல்லை. அந்தக் குறையோடுதான் கிளம்ப வேண்டும் போலிருந்தது.

கிளம்புகிற அன்று, பெட்டியை மூடும் நேரத்தில் பெரியவள் ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினாள். உள்ளே கறுப்பு ஷூ. அடிப்பாகம் அவ்வளவு தடிமன். தீயணைக்க வருகிறவர்கள் போடுகிற மாதிரி இருந்தது.

சின்னவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"கடையில விக்காம கெடந்ததா? இதைப் போட்டுட்டுப் போனா எல்லாரும் சிரிப்பாங்க. அதானே உனக்கு வேணும்? நான் போறதே உனக்குப் பிடிக்கலை. சொல்லிடேன்!"

அம்மா பதறினாள். பெரியவள் அசரவில்லை.

"உன் ஹாஸ்டல் எங்கேடி இருக்கு?"

"ஆத்தங்கரையில."

"கிழிச்சே. ஆறு கீழே ஓடுது. ஹாஸ்டல் குன்று மேல இருக்கு. ஸ்டேஷன்லேர்ந்து ஒரே ஏத்தம். பாதித் தெரு படிக்கட்டு. பனி உறைஞ்சா சாதாச் செருப்புக்கெல்லாம் கால் நிக்காதாம்."

சின்னவள் சுவரைப் பார்த்தாள். ஆறு இருந்தது, மலை இருந்தது. தெரு இல்லை.

"உனக்கெப்படி..."

"மத்தியானத்துல கடைக்கு ஈ காக்கா வராது. போன் மேப்புல அந்தத் தெருவையே படமாக் காட்டுது. தினமும் ஏறி இறங்கிட்டுத்தான் சாப்பிடவே உக்காருறேன். ஆறு பொறந்த எடம் தெரியுது, தான் இருக்கப்போற எடம் மேடா பள்ளமான்னு தெரியலை. இவ படிக்கப் போறாளாம்!"

சின்னவள் குனிந்து ஷூவை மாட்டினாள். அளவு கச்சிதமாக இருந்தது.

பெரியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பேக்கரி தாண்டினதும் ஒரு வளைவு வரும். அங்கே தெருவிளக்கு கிடையாது. இருட்டுறதுக்குள்ள ஏறிடுடி."