பை மாற்றும் பாடம்

"பாருங்க சார். பார்த்தாத்தான் பழகும்," என்றாள் சிஸ்டர்.

நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீ, என்ன கருமம் இது! கட்டியை வெட்டியெடுத்தவர்கள் குடலின் நுனியை வெளியே இழுத்து, தொப்புளுக்கு இடப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டார்கள். ஒரே ஒரு முறை பார்த்தேன். சிவப்பாக, ஈரமாக, தானாக நெளிந்தது. அன்று குடித்த பால் அப்படியே வாந்தியாக வந்துவிட்டது.

அதன்மேல் ஒரு பை ஒட்டியிருந்தது. பைக்குள் என்ன என்று வேறு சொல்ல வேண்டுமா? வெதுவெதுப்பாக என் இடுப்போரம் சாய்ந்து கிடந்தது. என்னைக் கண்டால் எனக்கே குமட்டியது.

முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் நான். கிளட்சை விடத் தெரியாதவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். இப்போது என் மகள் வயதுப் பெண் ஒருத்தி, என் மலத்தை முன்னால் வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

வீட்டிலிருந்து ஒருவராவது அவள் கண்முன்னால் பையைச் சரியாக மாற்றிக் காட்ட வேண்டும். அப்போதுதான் நாளைக்கு டிஸ்சார்ஜ். என்னால் ஆகாது என்று முதல் நாளே கையை விரித்துவிட்டேன்.

மனைவி சுவரோரம் நாற்காலியில் இருந்தாள். இந்த மாதிரி வேலை என்றால் சொல்லாமலே எழுந்து வருபவள், இன்று ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்தது மகள்தான்.

"நீ ஏம்மா இதெல்லாம்? அம்மா இருக்காளே."

"நீங்க சும்மா இருங்கப்பா," என்று கையுறையை மாட்டிக்கொண்டாள்.

ஈரப் பஞ்சால் தோலை அழுத்திக்கொண்டே பழைய பையை மெல்ல உரித்தாள். நாற்றம் குப்பென்று எழுந்தது. பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அவரை என்ன குறை சொல்வது? நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

வெந்நீரில் துடைத்தாள். ஓட்டை போட்ட அட்டையை வைத்து அளவு பார்த்தாள். புதிய பையின் ஒட்டும் பக்கத்தில் வட்டம் வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்து வயிறு கடமுடாவென்றது. அது பாட்டுக்கு வந்தது. என் வயிற்றில் வழிந்து, விரிப்பில் இறங்கி, மகளின் புடவை வரைக்கும் போனது. அவளுக்கு இரண்டு கையிலும் வேலை. "ஐயையோ, இருங்க இருங்க," என்று சிஸ்டர் பஞ்சைத் தேடினாள். அப்போதே உயிர் போனாலும் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

மனைவி இரண்டே எட்டில் வந்தாள். காகிதத் துண்டு ஒன்றை விரலில் சுருட்டி, திரி மாதிரி ஆக்கி, குடலின் நுனியில் வைத்துப் பிடித்தாள். வழிந்தது நின்றது. இன்னொரு கையால் துடைத்தாள். கையுறைகூடப் போடவில்லை.

"அட! இதை நான் இன்னும் சொல்லியே தரலையே. எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" என்றாள் சிஸ்டர்.

மனைவி வாய் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"எனக்கே இது இருந்துச்சு சிஸ்டர். பொறக்கும்போதே பின்னாடி வழி இல்லையாம். பதினோரு மாசம் வயித்துலதான் போச்சாம். அப்ப இந்தப் பையெல்லாம் ஏது? அப்பாதான் தன்னோட பழைய பனியனைக் கிழிச்சுக் கட்டி, அவுத்து அவுத்துக் கழுவியிருக்காரு. அம்மா கிட்டயே வர மாட்டாங்களாம். அப்பாவைப் பார்த்துப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்னு அம்மாவே சொல்லுவாங்க."

சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது.

"என்ன சார் நீங்க! இவ்வளவு நாளா ஒரு வார்த்தை சொல்லலையே. எத்தனை ஆம்பளைங்க இதைச் செய்வாங்க?"

பனியன் என்னுடையதுதான். அது ஒன்றுதான் நிஜம்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாளே, நாற்றம் தாங்கவில்லை என்று பயிற்சிப் பள்ளி அறையில் போய்ப் படுத்துக்கொண்டவன் நான். சாப்பாடும் வெளியில்தான். வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒருநாள் மனைவி குழந்தையை என்னிடம் நீட்டினாள். முதலில் கழுவிக்கொண்டு வா என்றேன். கழுவித்தான் கொண்டுவந்திருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து எல்லாம் சரியான பிறகுதான் என் மகளை முதன்முதலாகத் தூக்கினேன்.

த்தூ! நானெல்லாம் ஒரு மனுஷன்.

இப்படி ஒரு கதையை என் மனைவி எப்போது கட்டினாள்? எத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறாள்? என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூலையில் இருந்த குழாயில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கை கழுவிக்கொண்டிருந்தாள்.

மகள் புதிய பையை ஒட்டினாள். உள்ளங்கையை அதன்மேல் வைத்து, சூடு ஏறட்டும் என்று ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"அப்பா, நீங்க பார்த்துச் சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா? சரியா ஒட்டியிருக்கேனா?"

சிஸ்டரும் என் பதிலுக்காகச் சிரித்தபடி காத்திருந்தாள்.

குனிந்து பார்த்தேன். சரியா, தப்பா, எனக்கு எங்கே தெரியும்?

நிமிர்ந்து மனைவியைப் பார்த்தேன். அவள் ஈரக் கையோடு திரும்பி நின்று, பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையை அசைத்தாள்.

"சரியா இருக்கும்மா," என்றேன்.