வெறும் தண்ணி

கடுக்காய்ப் பாலில் நனைத்து உலர்த்திய துணியில் இன்பவல்லி ஒரு வாரமாகப் பூ வரைந்திருந்தாள். ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. படிகாரத் தண்ணீரால் வரைந்த கோட்டுக்கு ஏது நிறம்? ஆர்டர் கொடுக்குமுன் பார்த்துப் போக வந்த ஜவுளிக்கடை முதலாளி ரத்தினசபாபதி அந்தத் தண்ணீர்க் கிண்ணத்தில் கையை விட்டு அளைந்தார். "ஏம்மா, இது வெறும் தண்ணி. பூ எங்க?" என்று துணியின் ஓரத்தில் அதே கையை ஊன்றிக் குனிந்து தேடினார்.

"நாளைக்கு வாங்க சார், காட்டுறேன்."

ஒரு காலத்தில் கப்பலேறிப் போய், பின்பு போடும் விதமே மறந்துபோன பூந்துணி அது. மியூசியத்தில் இருந்த கிழிந்த துண்டு ஒன்றைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் அந்த விதத்தைத் திரும்பக் கண்டுபிடித்திருந்தாள். பூவையும் கொடியையும் அப்படியே எடுத்தவள், ஓரத்தில் விரல் விரித்தாற்போலிருந்த சிவப்புத் திட்டை மட்டும் கறை என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவர் கண்ணெதிரே துணியைச் சாயவேர் கொதிக்கும் அண்டாவில் இறக்கினாள். கோலால் புரட்டப் புரட்ட, படிகாரம் பட்ட இடமெல்லாம் சாயம் பிடித்துப் பூக்கள் சிவந்து எழுந்தன. அவற்றோடு ஓரத்தில் ஒரு கையும் எழுந்தது, ஐந்து விரலும் ரேகையுமாக.

துணியை வெளியே எடுத்ததும் ரத்தினசபாபதி பதறிப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கை இன்னும் பளிச்சென்றது.

"தெரியாம வச்சுட்டேம்மா. அந்த ஓரத்த மட்டும் வெட்டிடலாமா?"

இன்பவல்லி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலை நிமிர்ந்து சிரித்தாள்.

"வெட்டக் கூடாது சார். அந்தக் காலத்துலயும் யாரோ வந்து வெறும் தண்ணின்னுதான் சொல்லியிருக்காங்க."