அரை நிமிடம்

அவள் பால்கனியில் நின்று சாவியை அழுத்தினாள்.

கீழே வண்டியின் விளக்குகள் இரண்டு முறை சிமிட்டின. பூட்டு திறந்துகொண்டது.

கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு. சாவியால் திறந்துவிட்டு அரை நிமிடத்துக்குள் எந்தக் கதவையும் திறக்காவிட்டால், தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். விளக்கு ஒரே ஒரு முறை சிமிட்டும். டொக். அவ்வளவுதான்.

அந்தக் குணத்துக்காக அது அவள் வீட்டுக்காரரிடம் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல.

தினமும் காலையில் வாளியும் மஞ்சள் துணியுமாகக் கீழே இறங்கிப் போவார். வாளியை மறந்ததில்லை, துணியை மறந்ததில்லை. சாவி மட்டும் மேலே ஆணியில் தொங்கும். சாவி இல்லாமல் வண்டி துடைக்கப் போகிற புண்ணியவானை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை.

“அம்மிணீ, சாவி!”

அடுப்படியிலிருந்து ஓடிவந்து இங்கிருந்தே அழுத்துவாள். அவர் கதவைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் பொன்னுசாமி வந்துவிடுவார். ஊர்க்கதை தொடங்கிவிடும். வண்டி பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூட்டிக்கொள்ளும்.

“அம்மிணீ...”

“ஒரு கதவத் தொறந்து வெச்சுட்டுப் பேசறதுக்கு என்னங்க? நா தோசை சுடறதா, உங்களுக்குக் கதவு தொறந்துட்டு நிக்கறதா?”

துடைத்து முடித்ததும் பூட்டச் சொல்வார். அப்போதும் ஏதாவது ஒரு கதவைச் சரியாகச் சாத்தியிருக்க மாட்டார். கதவு திறந்திருக்கப் பூட்டினால் வண்டி கீங் கீங் என்று கத்தும். மொத்தக் குடியிருப்புக்கும் விடிந்துவிடும்.

இத்தனையும் ஆளைப் பார்க்காமலேயே நடக்கும். காம்பவுண்டுச் சுவரோரத்துப் புங்கமரம் வண்டியின் அந்தப் பக்கத்தை முழுசாக மறைத்திருந்தது. இங்கிருந்து தெரிவது பாதிக் கூரையும் இந்தப் பக்கத்துக் கதவுகளும்தான். காலை நேரத்தில் அவர் வெறும் குரல். பிறகு, வண்டிக்குள் காலடியில் விரிக்கிற மேட்டைச் சுவரில் அடித்துத் தூசி தட்டுகிற சத்தம்.

வேகமாக இரண்டு, நிதானமாக ஒன்று. வேகமாக இரண்டு, நிதானமாக ஒன்று.

வேறு யாரும் அப்படித் தட்ட மாட்டார்கள்.

அவர் தவறி இரண்டு மாதம் ஆகிறது.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு ஒரு காலையில், கை தானாகப் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்தது. அழுத்தினாள். இரண்டு சிமிட்டல். காத்திருந்தாள்.

ஒரு சிமிட்டல். டொக்.

யாரும் வரவில்லை என்று வண்டியே சொல்லிவிட்டது.

உட்கார்ந்து அழுதாள். மறுநாளும் அழுத்தினாள்.

இது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நாள் முழுக்க அவர் இல்லை. அந்த அரை நிமிடம் மட்டும், அவர் இன்னும் வரவில்லை.

இன்றோடு அதுவும் போகிறது. ஓட்டத் தெரியாதவளுக்கு வண்டி எதற்கு என்று தம்பி சிவநேசன் ஆள் பார்த்துவிட்டான். பேட்டரி இறங்கிவிடும், டயர் வீணாகிவிடும், எலி வயரைக் கடித்துவிடும் என்று அவன் அடுக்கியபோது தலையாட்டி வைத்தாள். வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு இப்போது வந்துகொண்டிருக்கிறான்.

கடைசித் தடவை என்றுதான் அழுத்தினாள்.

கூரைமேல் புங்கம்பூ உதிர்ந்து கிடந்தது.

அரை நிமிடம் ஆகியிருக்கும்.

ஒரு நிமிடமும் ஆகியிருக்கும்.

விளக்கு சிமிட்டவில்லை.

பேட்டரிதான் போய்விட்டது என்று நினைத்தாள். பூட்டுகிற பொத்தானை அவளே அழுத்தினாள்.

கீங் கீங் கீங்.

இரண்டு மாதமாகக் கேட்காத சத்தம்.

இந்தப் பக்கத்துக் கதவு இரண்டும் மூடித்தான் இருந்தன. அந்தப் பக்கம் புங்கமரம்.

பயந்துதான் போனாள். ஓடிப்போய்ப் பார்த்துவிடலாம், இரண்டு மாடிதான். போய்ப் பார்த்து அங்கே யாரும் இல்லாமல் போய்விட்டால்? அந்தப் பயம்தான் அவளை நகரவிடவில்லை.

கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

கைப்பேசி அடித்தது.

“அக்கா, நம்ம தெருவுக்கே வந்துட்டோம். சாவிய எடுத்து வெச்சுருங்க்கா.”

அவள் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

“வந்தவரத் திருப்பி அனுப்பீரு கண்ணு,” என்றாள். குரல் நடுங்கவில்லை. “மாமா இன்னும் தொடச்சு முடிக்கல.”

அக்காவை எந்த டாக்டரிடம் காட்டுவது என்று தம்பி யோசித்திருப்பான்.

அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை. கைப்பேசியைப் பிடித்த கை கம்பிக்கு வெளியே, புங்கமரத்தின் பக்கம் தாழ்ந்திருந்தது.

அதிலிருந்து அவன் குரல் வந்தது. மெல்ல, சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து அவளைக் கூப்பிடுகிற அதே குரலில்.

“அக்கா... யாரு அங்க மேட்டத் தட்டறது?”