மார்ச் மாதக் கட்டில்

மார்ச் கடைசி வாரம் வந்தால் தெருவே துணிப்பையோடு அரசு மருத்துவமனைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஆளுக்கு இத்தனை நாள் கட்டில் என்று ஒதுக்கீடு. படுக்காத நாட்களின் பணம் அரசின் பற்றாக்குறையை அடைக்கப் போய்விடும். அடுத்த வருட ஒதுக்கீட்டிலும் சில நாள் குறைந்துபோகும்.

சவரிமுத்து மட்டும் போனதில்லை. மனைவி ஜெயசீலியையும் விட்டதில்லை. “நல்லா இருக்கறவ ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கறதாவது? அரசாங்கமே கடன்ல கெடக்கு” என்பார். வருடந்தோறும் அரசிடமிருந்து வந்த நன்றிக் கடிதங்களைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார்.

ஆகஸ்டில் ஜெயசீலிக்கு மூச்சு முட்டியது. குறைந்து குறைந்து அவளுக்கு இருந்தது இரண்டே நாள் கட்டில். மூன்றாம் நாள் காலை நர்ஸ் ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றினாள்.

“இன்னும் ஒரு வாரம் இருந்தா தேறிருவாங்கய்யா. நாள் இல்லியே. எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டீங்களே.”

பக்கத்து வீட்டுப் பொன்ராணி தன் நாட்களில் பத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி அழுதாள். அப்படி மாற்றித் தர விதியில்லை.

வீட்டில், மூச்சுக்கு நடுவே ஜெயசீலி சுவரைப் பார்த்தாள். “அதக் கழட்டிராதீங்க. ஆசையா மாட்டுனது” என்றாள். நான்காம் நாள் போய்விட்டாள்.

இந்த மார்ச்சில் சவரிமுத்தும் துணிப்பையோடு வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர்கள் முழங்கால் என்றார்கள், முதுகு என்றார்கள். நர்ஸ் நிமிராமலே கேட்டாள்: “உங்களுக்கு என்ன செய்யுது?”

“நெஞ்சு வலிக்குது தாயி.”

அந்த வரிசையில் அன்று பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.