புதுச் சப்பாத்து

பதுளையில் வாங்கிக் காலில் மாட்டியிருந்த புதுச் சப்பாத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார் போதகர் சாலமோன். ஒரு பொட்டுச் சேறு இல்லை. இருபத்திரண்டு ரூபாய் கொடுத்தது வீண் போகவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மலை மேல் இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலுக்கு அவர் ஆராதனை நடத்த வருவார். வழக்கமாக நாக்குத் தள்ளி வந்து சேரும்போது நடுப்பகல் ஆகிவிடும். இன்று பெரகலைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஹாஷிம் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, கடைக்காரர் கை காட்டிய பக்கம் ஏறியவர் பத்து மணிக்கே வந்துவிட்டார். மூச்சுக்கூட வாங்கவில்லை. முழுப் புகழும் சப்பாத்துக்கே.

விசுவாசத்துக்குக் கிரியை வேண்டும் என்பது அன்றைய பிரசங்கம். ஐந்து உதாரணங்கள் எழுதி வைத்திருந்தார். ஐந்தும் இங்கிலாந்தில் நடந்தவை.

"ஐயா, பிரசங்கத்துக்கு முந்தி ஒரு விசயம்" என்றார் செல்வரத்தினம். தோட்டத்துப் பெரிய கிளாக்கர், யாழ்ப்பாணத்துக்காரர். சபையின் மூப்பரும் அவரே. "உந்த மாசிலாமணியின்ரை பேரைச் சபைப் புத்தகத்திலையிருந்து வெட்ட வேணும்."

"ஏன், என்ன செஞ்சான்?"

"தை மாசம் மனிசி செத்ததோடை கோயிலுக்கு வாறதை விட்டிட்டான். கர்த்தரோடை கோவமாக்கும். ஞாயிறு விடிஞ்சால் மண்வெட்டியோடை பள்ளத்துக்கு இறங்கிறான். ஆடும் இறங்காத பள்ளம், அங்கை போய்த் தோட்டம் போடுறான் போலை."

"என்ன தோட்டம்?"

"ஆருக்குத் தெரியும்? பின்னேரம் வெறுங்கையோடை வாறான். ஒரு கீரைக்கட்டும் இல்லை. எல்லாத்தையும் கீழை வித்துப்போட்டு வாறான் எண்டு நினைக்கிறன்." செல்வரத்தினம் குரலைத் தாழ்த்தினார். "தான் கெட்டது காணாதெண்டு இன்னும் ஆறு பேரையும் கெடுத்துப்போட்டான், ஐயா. பின் வரிசை வாங்கு முழுக்க வெறுமையாக் கிடக்கு."

நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று போதகர் கேட்கவில்லை. செல்வரத்தினத்தின் வீடு கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தது. கீழே போவதென்றால் துரையின் காரில்தான் போவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் அவர் காலடி பட்டு ஆறு வருஷம் இருக்கும்.

மாசிலாமணியின் மனைவி புஷ்பத்தை அடக்கம் செய்தவர் சாலமோன்தான். வயிற்றுவலி. தோட்டத்து லொறி பண்டாரவளைக்குப் போயிருந்த நாள். கம்பளியில் கட்டி, மலையைச் சுற்றும் லொறிப் பாதையில் மூன்று மணி நேரம் தூக்கிப் போனார்கள். "இன்னும் எவ்வளவு தூரம்" என்று வழிநெடுகக் கேட்டுக்கொண்டே போன புஷ்பம், சந்தி கண்ணுக்குத் தெரிகிற வளைவில் கேட்பதை நிறுத்திவிட்டாள். எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்று போதகர் அன்று ஆறுதல் சொன்னார். மாசிலாமணி தலையாட்டினார்.

அந்த மாசிலாமணியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மண்வெட்டியை வாசலில் சாத்திவிட்டு, காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார். உள்ளங்கை இரண்டும் வெடித்துக் கிடந்தன.

பேரை வெட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த மாதம் மகள் லில்லிக்கு இந்தக் கோயிலில் கல்யாணம். சபையில் பேர் இல்லாதவன் வீட்டுக் கல்யாணத்தைப் போதகர் நடத்த மாட்டார். போதகர் வராவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரும் வர மாட்டார்கள். தாயில்லாப் பெண்ணுக்கு அதையும் தாங்கச் சொல்வது பெரிய பாவம்.

செல்வரத்தினம் சபைப் புத்தகத்தைத் திறந்து, பேனாவையும் மூடி கழற்றித் தயாராக வைத்தார்.

"மாசிலாமணி, கர்த்தர் மேல கோவமாப்பா?" என்றார் போதகர்.

"இல்லீங்க ஐயா."

"பின்ன ஞாயித்துக்கிழம எங்க போறே?"

"பள்ளத்துக்குங்க."

"அங்க என்ன நட்டிருக்கே?"

மாசிலாமணி கொஞ்சம் யோசித்தார். "கல்லுங்க."

"கேட்டியளே ஐயா, கோயிலுக்குள்ளை நிண்டு பகிடி விடுறான்!"

போதகர் பொறுமைசாலி. பேனாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "கல்ல நட்டு என்னப்பா வெளையப்போவுது?"

"போன புதன்கிழம எங்க லயத்துக் கருப்பம்மாவுக்கு வலி கண்டுச்சுங்க. லொறி இல்ல. நாங்க ஏழு பேரும் கம்பளியில போட்டுத் தூக்கி, அர மணி நேரத்துல சந்திக்கு எறக்கிட்டோம். ஆஸ்பத்திரியில ஆம்பளப் புள்ளைங்க. ரெண்டு பேரும் சொகமா இருக்காங்க."

"அரை மணித்தியாலமோ!" செல்வரத்தினம் சிரித்தே விட்டார். "பாத்தியளே புளுகை? அரை மணித்தியாலத்திலை சந்திக்கு இறங்க இந்த மலையிலை ஏதடா வழி?"

மாசிலாமணி போதகரின் சப்பாத்தைப் பார்த்தார்.

"ஐயா ஏறி வந்த வழிதாங்க."