ஓனர் பேரில் கேஸ்

"உங்களைப் பார்த்தா நல்ல பிள்ளைங்களாத்தான் தெரியுது. ஆனா, முஸ்லிமுக்கு வீடு கொடுக்காதீங்கன்னு புரோக்கர் சொல்லிட்டாரும்மா" என்றாள் வீட்டுக்காரி சொர்ணம்மாள்.

நாஜியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வயிற்றுப் பிள்ளையோடு ரங்கூனின் தாமுவே பகுதியில் அவள் ஏறி இறங்காத மாடி இல்லை. எல்லா இடத்திலும் இதே பதில்தான். காலை வெயில் கூடம்வரை விழும் இந்த வீடோ, பார்த்ததுமே மனசுக்குப் பிடித்துவிட்டது.

பக்கத்தில் நின்ற புரோக்கர் கோ மின்னுக்குத் தமிழ் தெரியாது. தன் தலை உருளுவது புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாஜியாவின் கணவன் ஜாபிர் அசையவில்லை.

"புரோக்கர் சொன்னாலும் சிக்கல் உங்களுக்குத்தான் ஆன்ட்டி. மதம் பார்த்து வீடு இல்லேன்னா, ஓனர் பேர்லயே கேஸ் வரும். நஷ்டஈடும் உங்க கையிலிருந்துதான்."

"யாரை மிரட்டுறே?"

"நான் ஏன் மிரட்டுறேன்? உங்க மகன் சுந்தர் வீடு வாடகைக்கு விடற கம்பெனியிலதானே இருக்கார்? கோ மின் சொன்னார். அவரையே கேளுங்க."

சொர்ணம்மாள் விடவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏன்டா, மதம் பார்த்து வீடு இல்லேன்னு சொன்னா கேஸ் வருமா?"

"வராம?" சுந்தரின் குரல் அரைத் தூக்கத்தில் வந்தது. "எங்க கம்பெனி மூலமா வீடு விட்ட ஓனர் ஒருத்தர் அப்படித்தான் மாட்டினார்."

"புரோக்கர்தான் சொன்னாருன்னா?"

"புரோக்கரையும் பிடிப்பாங்க, ஓனரையும் விடமாட்டாங்க. அந்த மனுஷன் குடியிருந்த வீட்டையே வித்துக் கட்டினார். தூக்கம் வருதும்மா, வச்சிடறேன்."

சொர்ணம்மாள் முகம் வெளுத்தது. உள்ளே ஓடிச் சாவியோடு வந்தாள்.

"எனக்கு எல்லாரும் ஒண்ணுதாம்மா! எல்லாம் இந்த ஆள் பண்ணின வேலை!" என்று கோ மின்னை முறைத்தாள். அவர் இன்னும் அகலமாகச் சிரித்தார்.

மாடிப்படி இறங்கும்போது நாஜியா சாவியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"ரங்கூன்ல இப்படி ஒரு சட்டம் இருக்கிறது எனக்குத் தெரியவே தெரியாது மச்சான்."

"எனக்கும்தான் தெரியாது" என்றான் ஜாபிர். "சுந்தர் வேலை பார்க்கிறது அமெரிக்காவுல."